விளக்கு அணையும்வரை அமுக்கவும்

எங்கள் வீட்டில் எனக்கு உடும்பு என்று பெயர். அப்பா வைத்தது. சின்ன வயதில் ஒரு ஜாடி மூடியைத் திறக்க முடியாமல் நெடுநேரம் மல்லுக்கட்டினேனாம். அம்மா பிடுங்கித் திறந்து கொடுத்ததும், அதை வாங்கி மறுபடி இறுக மூடி, நானே திறந்த பிறகுதான் சாப்பிட வந்தேனாம். கோபம் வந்தாலும் அப்பா அப்படித்தான் கூப்பிடுவார், பெருமை வந்தாலும் அப்படித்தான். எது எப்போது என்பதை அவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை காலையில் அவர் முகத்தில் பெருமை இல்லை.

"ஏ உடும்பு, நாலு மணிக்குப் பரீட்சைய வச்சிக்கிட்டு இப்பப் போய் இதைப் பிரிக்கிறியே. ஒரு ஆளைக் கூப்பிட்டு மாட்டச் சொல்லலாம்ல?"

"ஆளு திங்கக்கிழமைதான் வருவாராம்ப்பா. பரீட்சை இன்னைக்கு."

"நேத்தே பிரிச்சிருக்கலாம்."

"நேத்து சாயங்காலம்தான் பெட்டியே வந்துச்சு."

அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். உலகத்தில் எந்த வேலையையும் நேற்றே முடித்திருக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

பரீட்சை என்று அவர் சொன்னது என் வேலைக்கான சோதனையை. என் தம்பிக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அவனுக்காக நாங்கள் எல்லோரும் கையால் பேசக் கற்றுக்கொண்டோம் என்றாலும், அம்மாவும் அப்பாவும் பேசுவது சாப்பாட்டுக்கும் சண்டைக்கும் போதுமான அளவு. நான்தான் முழுதாகப் பேசுவேன். அவனுக்கு எங்கே போன் போட வேண்டியிருந்தாலும் அவன் கையால் சொல்ல, நான் வாயால் சொல்ல, மறுமுனை சொன்னதை நான் கையால் திருப்பிச் சொல்ல, இப்படியே ஓடியிருக்கிறது எங்கள் காலம். சொந்தக்காரர்கள் பார்த்துவிட்டு, "தங்கமான பொண்ணு, தம்பிக்கு எவ்வளவு ஒத்தாசை" என்பார்கள். அடுத்த வாக்கியமே, "சரி, வேலை வெட்டிக்கு எங்க போறே?" என்று வரும்.

மருந்துக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். கடையை மூடிவிட்டார்கள். அப்போதுதான் இந்த நிறுவனம் கண்ணில் பட்டது. காது கேளாதவர்கள் வீடியோவில் கையால் பேசுவார்கள். நான் வீட்டிலிருந்தபடியே அதைப் பார்த்து, மறுமுனையில் போனில் இருப்பவரிடம் குரலில் பேச வேண்டும். அதாவது இத்தனை நாள் சும்மா செய்துகொண்டிருந்ததைச் சம்பளத்துக்குச் செய்வது. "கையை ஆட்டறதுக்கெல்லாம் யாரு சம்பளம் குடுப்பா" என்று சித்தப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் இங்கே, தொண்டையில், முள்ளாக நிற்கிறது. அதனால் சொல்கிறேன், அந்த வேலை எனக்கு வெறும் வேலை இல்லை. என் கை பேசுவதும் பேச்சுதான் என்று வெளியாள் ஒருவர் ஒப்புக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.

நிறுவனம் இரண்டு நிபந்தனை வைத்தது. ஒன்று, கதவைச் சாத்திக்கொள்ளும்படியான தனி அறை. ஊரார் பேச்சு வீட்டார் காதில் விழக்கூடாது. இரண்டு, படம் உறையக்கூடாது. கை அரைக் கணம் உறைந்தால் போதும், வேண்டும் என்று சொன்னது வேண்டாம் என்றாகிவிடும். "சோதனைல லைன் கட்டாச்சுன்னா நாங்க அடுத்த பேருக்குப் போயிடுவோம்மா, ரெண்டாவது வாய்ப்பு கிடையாது" என்று சோதனை நடத்தப்போகும் அம்மையார் தேன் ஒழுகும் குரலில் சொல்லியிருந்தார்.

எங்களிடம் இருக்கும் ஒரே தனி அறை பின்னறை. எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி நீளமானது. முன்னால் ஹால், பிறகு குறுகலான நடை, அதில் ஒரு திருப்பம், பிறகு சமையலறை, துணி துவைக்கும் இடம், அதையும் தாண்டினால் பின்னறை. இன்டர்நெட் வந்து இறங்குவது ஹாலில். பின்னறைக்குப் போய்ச் சேருவதற்குள் அதற்கு உயிர் போய்விடும். அங்கே உட்கார்ந்து வீடியோவில் பேசினால் எதிரில் இருப்பவர் பாதி முகம் கட்டம் கட்டமாகத் தெரியும்.

"ஒயர் இழுத்துடலாம்" என்று அப்பாவே சொன்னார். அப்புறம் அவரே மறுத்தார். வாடகை வீடு, சுவரில் துளை போட வீட்டுக்காரர் விடமாட்டார். தரையில் விடலாம் என்றால் துவைக்கும் இடத்தில் எப்போதும் தண்ணீர். "தண்ணி நிக்கிற எடத்துல ஒயர் போகக்கூடாது" என்று லிஃப்ட் மெக்கானிக் தீர்ப்புச் சொல்லிவிட்டார். அந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது.

அதனால்தான் இந்த மெஷ் வைஃபை. மூன்று வெள்ளைப் பெட்டிகள். முதல் பெட்டி ஹாலில் இன்டர்நெட் ரூட்டரோடு ஒட்டி இருக்கும். இரண்டாவது நடையில். மூன்றாவது பின்னறையில். வாளித் தண்ணீரைக் கைமாற்றுவதுபோல ஒன்று அடுத்ததற்குக் கொடுக்கும். நடுவில் ஒரு கை நழுவினால் கடைசி ஆளுக்கு ஒரு சொட்டும் வராது.

நடையில் ஒரே ஒரு பிளக்தான் இருக்கிறது. அதில் அழைப்பு விளக்கு செருகியிருந்தது. அதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு இரண்டாவது பெட்டியைச் செருகினேன்.

அழைப்பு விளக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக் காலிங் பெல்லுக்குச் சத்தம் கிடையாது. இருந்தது பழுதாகி, யாரும் கவலைப்படவில்லை. வாசலில் அமுக்கினால் நடையிலும் சமையலறையிலும் பின்னறையிலும் இருக்கும் சின்ன வெள்ளை விளக்குகள் மினுக்கும். யார் கண்ணில் முதலில் படுகிறதோ, அவர் பக்கத்தில் இருக்கும் பொத்தானை விளக்கு அணையும்வரை அமுக்கிப் பிடித்துவிட்டு வாசலுக்குப் போக வேண்டும். அது அணைந்தால் மற்றதும் அணையும். யாரோ போகிறார்கள் என்று மற்றவர்கள் நிம்மதியாக இருக்கலாம். தம்பி குழந்தையாக இருந்தபோது அப்பா ஏற்படுத்திய சட்டம் இது. சோற்றில் கை வைத்திருந்தாலும் மினுக்கினால் எழுந்துவிடுவோம்.

முதல் தடவை எல்லாம் தேனாகத்தான் போயிற்று. போனில் இருந்த ஆப் முதல் பெட்டியைக் கண்டுபிடித்தது. இரண்டாவதையும் கண்டுபிடித்தது. அப்டேட் ஆகிறது, சிறிது நேரம் காத்திருக்கவும் என்றது. நான் ஹாலில் காலை மடக்கி உட்கார்ந்து காத்திருந்தேன். அப்பா நடையிலிருந்து வந்து, என்னைத் தாண்டிப் போய் வாசல் கதவைத் திறந்து, இந்தப் பக்கம் பார்த்து, அந்தப் பக்கம் பார்த்து, சாத்திவிட்டுத் திரும்பினார்.

போன் சொன்னது: இரண்டாவது பெட்டியைக் காணவில்லை.

போய்ப் பார்த்தேன். பெட்டி இருந்த இடத்தில்தான் இருந்தது. கடையிலிருந்து அப்போதுதான் வந்ததுபோல நீல விளக்கைக் காட்டிக்கொண்டு, நீ யார் என்று கேட்டது. திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

இரண்டாவது தடவை துவைத்த துணியோடு அம்மா வாசலுக்குப் போனாள். கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "யாரையும் காணோம்" என்றாள். எனக்கு அதைக் கேட்க நேரமில்லை. போனில் மறுபடியும் இரண்டாவது பெட்டியைக் காணவில்லை.

பழைய ரூட்டரின் மேல் சந்தேகம் வந்தது. அதுவும் தன் பங்குக்கு வைஃபை விட்டுக்கொண்டிருந்தது. புதியதற்கும் நான் அதே பெயரை வைத்துத் தொலைத்திருந்தேன். பின்னறை வாசலில் நின்ற தம்பியின் போன் புதியதை விட்டுவிட்டுப் பழையதையே கட்டிக்கொண்டு அழுதது. பழையதன் வைஃபையை நிறுத்தினேன், புதியதற்கு வேறு பெயர் வைத்தேன். சமையலறை வரை போய்த் தம்பியைப் பார்த்துக் கையால் கேட்டேன்.

"இப்ப?"

"ஒரு கோடு வருது. போயிடுச்சு."

"நகராம நில்லு."

"நான் நகரலை. அதுதான் நகருது."

அவன் மர அறைகலன் பட்டறையில் பாலிஷ் போடுகிறவன். சனிக்கிழமை அரை நாள் லீவு சொல்லிவிட்டு எனக்காக வந்திருந்தான். அந்த லீவையும் நான்தான் மேஸ்திரிக்குப் போன் போட்டு வாங்கிக் கொடுத்தேன். எங்களுக்கு ஒரு சௌகரியம், வீட்டின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கத்த வேண்டியதில்லை. அம்மாதான் நடுவில் நின்றுகொண்டு, "என்னவாம், என்னவாம்" என்று எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கத்தினாள்.

வாடிக்கையாளர் உதவி எண்ணுக்குப் போட்டேன். பாட்டெல்லாம் கேட்டு முடித்த பிறகு ஒரு இளைஞர் லைனில் வந்தார்.

"மேடம், அணைச்சு அணைச்சுப் போட்டுப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"இன்னொரு தடவை பாருங்களேன்."

"நீங்க வேற ஏதாவது தெரிஞ்சா சொல்லுங்க சார். இது எனக்கே தெரியும்."

அவர் தன் பக்கத்தில் எதையோ தட்டிப் பார்த்தார். "உங்க ரெண்டாவது யூனிட் ரீசெட் ஆயிருக்கு மேடம். யாராவது பட்டனை அமுக்கிப் பிடிச்சாங்களா? செருகி ஸ்டார்ட் ஆகும்போதும் அப்டேட்ல இருக்கும்போதும் லைட்டு மினுக்கும். அப்பத் தொடக்கூடாது."

"எங்க வீட்ல யாரும் தொடமாட்டாங்க" என்று அடித்துச் சொன்னேன். சொல்லிவிட்டு, ஒரு நியாயத்துக்காகப் போனைக் கையால் மூடிக்கொண்டு அப்பாவிடம் கேட்டேன்.

"அப்பா, இந்தப் பெட்டி எதையாவது தொட்டீங்களா?"

"உன் பெட்டிய நான் ஏன் தொடறேன்? எனக்கு இருக்கற வேலை பத்தாதா. யாரோ பசங்க பெல்லை அமுக்கிட்டு ஓடிப்போறானுங்க. எழுந்து எழுந்து போய்ப் பார்த்துக் கால் வலிக்குது."

"அம்மா, நீ?"

"எனக்கு அதைப் பார்த்தாலே பயம். ஷாக் அடிக்கும்."

"யாரும் தொடலை சார்" என்றேன். அப்படியானால் பெட்டி ஹால் பெட்டிக்குப் பக்கத்திலேயே முழுதாகத் தயாராகட்டும், பிறகு தூக்கிக்கொண்டு போய் அதன் இடத்தில் வையுங்கள் என்றார் அவர். நல்ல யோசனை. இரண்டாவது, மூன்றாவது இரண்டையும் ஹாலிலேயே வைத்துச் சேர்த்தேன். இரண்டும் அப்டேட் முடிந்து, மினுக்காமல் வெள்ளையாக எரிந்தன. எனக்கு உயிர் வந்தது. இரண்டாவதைப் பூப்போல எடுத்துக்கொண்டு போய் நடையில் செருகிவிட்டு ஹாலுக்கு வந்து போனைப் பார்த்தேன். அப்பா என்னைத் தாண்டிப் போய் வாசல் கதவைத் திறந்தார்.

இரண்டாவது பெட்டியைக் காணவில்லை.

நான் அழுகிற ஜாதி இல்லை. ஆனால் அப்போது மூக்கு விடைத்தது. மணி இரண்டைத் தாண்டியிருந்தது. அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள், வேண்டாம் என்றேன். நடைச் சுவரில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று மாட்டியிருக்கிறது. கண்ணாடி சிக்னலைத் தடுக்கும் என்று எங்கோ படித்தது ஞாபகம் வந்தது. ஸ்டூலைப் போட்டு ஏறி அதைக் கழற்ற ஆரம்பித்தேன்.

"அதென்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள் அம்மா.

"குறுக்க நிக்குது."

"வீட்டையே இடிச்சிடுவா போலிருக்கே. இதப் பாரு, இந்த வேலை இல்லேன்னா வேற வேலை."

"வேற வேலை வேணாம்மா" என்றேன். குரல் உடைந்துவிட்டது. "பில் போடற வேலை யாரு வேணும்னாலும் செய்வாங்க. இது எனக்கு மட்டும்தான் வரும். இதை விட்டுட்டு நான் எங்கயும் போகமாட்டேன்."

அம்மா வந்து கண்ணாடியின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேருமாக இறக்கிச் சுவரோரம் திருப்பி வைத்தோம்.

கண்ணாடி போயும் பலனில்லை. சரி, நடுவில் இருப்பது வம்பு பண்ணுகிறது, கடைசிப் பெட்டியாவது ஹாலிலிருந்து நேராக ஏதாவது இழுக்கிறதா பார்க்கலாம் என்று மூன்றாவதைப் பின்னறைக்கு எடுத்துப் போனேன். தம்பி சுவரோரம் கிடந்த சாமான்களை ஒதுக்கி, எனக்குப் பின்னால் வெறும் சுவர் தெரியும்படி நாற்காலியைப் போட்டு வைத்திருந்தான். கை தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக நான் போட்டுக்கொள்ளப் போகும் கறுப்புச் சட்டையை மேசையில் விரித்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். பெட்டியைச் செருகிவிட்டு அவன் கையிலிருந்து இஸ்திரிப் பெட்டியை வாங்கினேன். காலரை நீவிக்கொண்டிருந்தபோது ஓரக்கண்ணில் ஏதோ மினுக்கியது.

"இதோ வரேன்" என்று வாய் சொன்னது. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன். ஒரு எட்டு வைத்தேன். கட்டைவிரல் தானாகப் போய்ப் பொத்தானில் உட்கார்ந்தது. விளக்கு அணையும்வரை அமுக்கிப் பிடித்தது. அணைந்தது. தம்பி அதற்குள் எனக்குப் பதிலாக வாசலுக்குக் கிளம்பி, சமையலறைக் கதவு வரை போய்விட்டான்.

அங்கே நின்று திரும்பிப் பார்த்தான். நான் என் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் அடியில் இருந்தது அழைப்பு விளக்கு இல்லை. பின்னறையின் அழைப்பு விளக்கு அதற்கு மேலே, அதன் இடத்தில், மினுக்காமல் சமர்த்தாக இருந்தது.

"யாரு வாசல்ல?" என்று கேட்டான்.

"யாரும் இல்ல" என்றேன். "காலையிலேருந்தே யாரும் இல்ல."

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் சிரிப்பு சத்தமாக, வளைந்து வளைந்து வரும். எனக்கு அவனை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கூடச் சேர்ந்து சிரிக்க வேண்டும் போலவும் இருந்தது. உதவி எண் இளைஞரிடம் நான் அடித்துப் பேசியது ஞாபகம் வந்தபோது வந்த சிரிப்பும் நின்றது.

ஹாலுக்குப் போனேன். "அப்பா, காலையிலேருந்து எத்தனை தடவை பெல் அடிச்சுது?"

"ஒரு தடவையா ரெண்டு தடவையா. போலீஸ்லதான் சொல்லணும்."

"நடையில இருக்கற விளக்குதான் மினுக்குச்சா?"

"ஆமா."

"அதை நான் காலையிலேயே கழட்டிட்டேன்ப்பா."

அப்பா எழுந்து நடைக்குப் போய், பிளக்கில் இருந்ததைக் குனிந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். அம்மா வந்து அவர் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். அவள் முகம் போன போக்கில், தான் அமுக்கியதும் அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது என்று தெரிந்தது.

"வெள்ளையா இருந்துச்சு, மினுக்குச்சு" என்றார் அப்பா மெதுவாக. "கண்ணுல பட்டா கை போயிடுது. யோசிக்கறதே இல்ல. உன் வேலைய நானே கெடுத்துட்டனா?"

"நானும்தான் அமுக்கினேன். இப்பத்தான்."

"நீயுமா" என்றார். அதில் அவருக்குக் கொஞ்சம் ஆறுதல் இருந்தது. "சரி, நேரம் என்ன?"

"மூணு ஆகப் போகுது."

"அப்ப ஏன் நின்னுக்கிட்டு இருக்கே?"

தன் பழைய கருவிப் பையைத் திறந்து கறுப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்தார். இரண்டாவது பெட்டியின் விளக்கின் மேல் ஒரு துண்டு, பொத்தானின் மேல் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு துண்டு. காற்றுப் போகும் துளைகளை மட்டும் விட்டார். மூன்றாவதற்கும் அப்படியே. "இனிமே மினுக்கினா மினுக்கட்டும். எங்க கண்ணுக்குத் தெரியாது. ஆனா உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குப் போன்ல தெரியும்."

மறுபடியும் முதலிலிருந்து. ஆப், தேடல், சேர்த்தல், அப்டேட். இந்தத் தடவை அம்மா நடையின் வாயிலில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு காவல் நின்றாள். அப்பா வாசல் கதவோடு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். இரண்டாவது பெட்டி வந்தது. நின்றது. நான் மூச்சை விட்டுவிட்டு மூன்றாவதைப் பின்னறைக்குக் கொண்டு போனேன். அது வந்தது, ஆனால் சிக்னல் மெலிந்திருந்தது. நடுவில் அம்மாவின் ஃபிரிட்ஜ் மலைபோல நின்றது. தம்பி பெட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு, ஒயர் நீளும் தூரத்துக்கு அறை முழுக்க நகர்ந்தான். நான் போனைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, மேலே, இடது பக்கம், இன்னும் மேலே என்று போய்க் கடைசியில் ஜன்னல் விளிம்பில் முழுச் சிக்னல் கிடைத்தது. அங்கேயே ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்து வைத்தான்.

கறுப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு தலையை வாரும்போது கழுத்தெல்லாம் வியர்த்திருந்தது. எல்லோரையும் நிற்க வைத்து ஒரே ஒரு உத்தரவு போட்டேன். "நான் கதவைத் திறந்து வெளிய வர வரைக்கும் எது மினுக்கினாலும் யாரும் தொடக்கூடாது."

கதவைச் சாத்தினேன்.

சரியாக நாலு மணிக்குத் திரை தெளிந்தது. தேன் குரல் அம்மையாரும், பக்கத்துக் கட்டத்தில் பெரிய மீசை வைத்த ஒருவரும். மீசைக்காரர்தான் காது கேளாதவர். அவர் கட்டில் வாங்கிய கடைக்குப் போன் போட வேண்டும் என்பது ஏற்பாடு. கடைக்காரராக யாரோ போனில் காத்திருந்தார். மீசைக்காரரின் கை கிளம்பியது. அப்படி ஒரு வேகம். நான் வாயைத் திறந்தேன்.

"உங்க கடையில கட்டில் வாங்கினேன். மூணு கால்தான் வந்திருக்கு. நாலாவது காலுக்கு நான் என் காலையா குடுக்கறது?"

கடைக்காரர் என்னிடம் எகிறினார். "ஏம்மா, பிரிச்சுப் பார்க்காம பேசாதீங்க." நான் அந்த எகிறலைக் குறையாமல் கையில் காட்டினேன். மீசைக்காரர் முகம் சிவந்தது. அவர் விரல் நுனி வரை எனக்குத் தெரிந்தது. ஒரு கட்டமும் உடையவில்லை, ஒரு கையும் உறையவில்லை. நான் பெட்டிகளை மறந்தேன், நேரத்தை மறந்தேன். இரண்டு பேர் என் வழியாகச் சண்டை போட்டார்கள், பிறகு என் வழியாகவே சமாதானமானார்கள்.

நடுவில் ஜன்னலுக்குப் பக்கத்தில் அழைப்பு விளக்கு மினுக்கத் தொடங்கியது. நிஜமாகவே மினுக்கியது. விரல் துடித்தது. நான் மீசைக்காரரின் கைகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அது பாட்டுக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது, கொஞ்ச நேரம் கழித்துத் தானாக நின்றது. தண்ணீர் கேன் போடுகிறவர் வாசலில் நின்று அமுக்கி அமுக்கிப் பார்த்துவிட்டு, கதவை ஒட்டி உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பாவை ஜன்னல் வழியாகக் கூப்பிட்டாராம். "அவ வெளிய வரட்டும், அப்புறம் தொறக்கறேன்" என்றாராம் அப்பா.

கட்டிலுக்கு நாலாவது கால் அனுப்புவதாக ஒப்பந்தமாகி, மீசைக்காரர் எனக்கு நன்றி சொல்லிவிட்டு மறைந்தார். அம்மையார் எதையோ எழுதினார். எழுதி முடிக்கும்வரை அவர் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"லைன் சுத்தமா இருக்கும்மா. கை அதைவிடச் சுத்தம். இத்தனை நாள் எங்க இருந்தீங்க?" என்றார். "திங்கக்கிழமையிலேருந்து வாங்க. ஒரே ஒரு விதி. உங்க வீட்ல, சொந்தத்துல யாராவது காது கேளாதவங்க எங்களுக்குக் கூப்பிட்டா, அந்தப் போன் உங்களுக்கு வராது. வேற ஆளுக்குப் போயிடும். சொந்தக்காரங்களுக்கு நாம பேசக்கூடாது."

"சரிங்க" என்றேன். அந்த நேரத்தில் அவர் தலைகீழாக நிற்கச் சொல்லியிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

கதவைத் திறந்ததும் மூன்று பேரும் துவைக்கும் இடத்தில் வரிசையாக நின்றிருந்தார்கள். கையாலும் வாயாலும் ஒரே நேரத்தில் சொன்னேன். கிடைச்சிடுச்சு. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா, "உடும்பு" என்றார். முகத்தைப் பார்த்தேன். அது இரண்டாவது வகை. அவர் தண்ணீர் கேன்காரரைப் பார்க்க அவசரமாக வாசலுக்குப் போனார்.

தம்பிக்கு எல்லாவற்றையும் விலாவாரியாகச் சொன்னேன். மூன்று கால் கட்டிலுக்கு மறுபடி சிரித்தான். கடைசியில் விதியையும் சொன்னேன், எங்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை என்பதுபோல. அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தான்.

"அப்ப நானும் கூப்பிடலாமா?"

"பேரைப் பதிஞ்சா யாரு வேணும்னாலும் கூப்பிடலாம்."

"என் பேச்சை வேற யாரோ பேசுவாங்க. நீ இல்லாம."

"ஆமா. எதுக்கு? நான்தான் இருக்கனே."

அவன் என் நாற்காலியில் உட்கார்ந்து பெயரைப் பதிந்தான். கம்ப்யூட்டர் கொஞ்சம் யோசித்தது, பிறகு மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் திரையில் வந்து வணக்கம் சொன்னார். தம்பி அவருக்கு வணக்கம் சொன்னான். கேமராவைத் தன் பக்கமாகச் சரி செய்துகொண்டான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"அக்கா, வெளிய போ. கதவைச் சாத்து."

"யாருக்குப் போன்?"

"விதி" என்றான், முகத்தில் சிரிப்பே இல்லாமல். "சொந்தக்காரங்க கேக்கக்கூடாது."

சாத்தினேன். சாத்திவிட்டுக் கதவுக்கு வெளியே நின்றேன். எனக்குக் கோபமாகத்தான் வந்தது. இவன் மேஸ்திரியிடம் கேட்ட லீவெல்லாம் நான் கேட்டது. டாக்டரிடம் இவன் சொன்ன வலியெல்லாம் நான் சொன்னது. பெண் பார்த்த வீட்டில் வேண்டாம் என்று சொன்னபோது அதை முதலில் கேட்டவள் நான். அவன் எதிரில் நின்று அதை என் கையால் சொன்னவளும் நான். அவன் போனில் பேசிய ஒரு சொல்கூட எனக்குத் தெரியாமல் போனதில்லை. இப்போது ஒரு பலகைக்கு அந்தப் பக்கம் அவன் பேசிக்கொண்டிருக்கிறான், இந்தப் பக்கம் நான் யாரோ மாதிரி நிற்கிறேன். காலையிலிருந்து பாடுபட்டு அந்தக் கதவுக்குப் பின்னால் லைனைக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் நான்தான்.

உள்ளே அவன் சிரித்தான். அவன் சிரிப்பில் எனக்குத் தெரியாத ஒரு சிரிப்பு அது. தாழ்ந்து, கொஞ்சம் வெட்கத்தோடு இருந்தது. கேட்டதும் என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவன் இன்னும் நிறைய நேரம் பேசட்டும் என்று இருந்தது.

அம்மா ஈரக் கையோடு வந்து கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"யாருகிட்டடி பேசறான்?"

"தெரியாது."

"தெரியாதா? உள்ள போய்ப் பாத்துட்டு வாயேன்."

"மாட்டேன்மா. அது அவனோட போன்."

அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். தம்பி பேசியதைப் பற்றி என் வாயிலிருந்து தெரியாது என்ற சொல்லை அவள் கேட்பது அதுதான் முதல் தடவை. நான் அவள் கையைப் பிடித்து மெதுவாகச் சமையலறைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன்.